உடனிருப்பவர்

"இந்தப் புண்ணெல்லாம் செவிடு, சுகிர்தா. தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. விட்டுடு," என்றார் டாக்டர் தாட்சாயணி.

திருச்சியில் இருந்த அந்த ஆய்வு மையத்தில் 'செவிட்டுப் புண்' என்பது எந்த அறிக்கையிலும் ஏறாத பெயர். டீ குடிக்கும்போது மட்டும் புழங்கும். சர்க்கரை முற்றிக் காலில் விழுந்து, ஆறாமலே கிடக்கும் புண்களுக்கு அங்கே ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறியது. சிலருக்கு மட்டும் ஆறவில்லை. ஆறாததோடு நில்லாமல் பெரிதாகவும் செய்தது. அந்தச் சிலருடைய புண்ணுக்குத்தான் அந்தப் பெயர்.

நோயாளிகளின் காலிலிருந்து கணினிக்கு வந்து விழும் கோடுகளைப் படிப்பது சுகிர்தாவின் வேலை. தெற்கே நாசரேத்து ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். கன்டோன்மென்டில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். பகலில் வேலை, மாலையில் புள்ளியியல் வகுப்பு. அறைக் கதவைப் பூட்டிப் படியிறங்கியவள் மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தது நிஜந்தானா என்று பஸ்ஸில் ஏறியபின் ஒரு சந்தேகம் வரும். இப்படிப்பட்டவள் வாய் திறந்து ஒன்றைச் சொல்வதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். நாளடைவில் சொல்வதையே விட்டுவிட்டாள். விடுதியில் அவளோடு சேர்ந்து சாப்பிட யாரும் காத்திருப்பதில்லை.

அன்று மட்டும் கொஞ்சம் துணிந்தாள். "மேடம், ஆறினவங்க மாதிரியேதான் இவங்களும் ஓய்வெடுத்திருக்காங்க. நாம குடுத்த செருப்புலேருந்து வர்ற கோடு பகல் பூரா அசையவே இல்ல."

"அதனாலதான் செவிடுங்கறேன். ஓய்வும் எடுத்தாச்சு, மருந்தும் முழுசா எறங்கியாச்சு. அப்புறமும் உடம்பு கேக்கலைன்னா நாம என்ன பண்றது? இனிமே காலை எடுத்துட வேண்டியதுதான். விட்டா மேல ஏறும்."

டாக்டர் இரக்கமில்லாதவர் அல்ல. அவருடைய அப்பா ஒற்றைக் காலோடு செத்தவர். அந்தக் கோபத்தில்தான் இந்த வேலைக்கே வந்தார் என்பார்கள். ஆனால் இரக்கத்தை அவர் மையத்துக்கு வெளியே வைத்துக்கொள்பவர்.

"பாலக்கரையில ஒருத்தர்கிட்டேருந்து கருவியைத் திருப்பி வாங்கணும். கள ஆளுங்க யாரும் இல்ல. நீயே போயிட்டு வா. ஆபரேஷனுக்கு வரச் சொல்லிடு," என்றார்.

*

பாலக்கரையில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் அது கடைசி வீடு. சிக்கந்தர் மாஸ்டர் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றே ஆயுளைக் கழித்தவர். மனைவி மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மையம் கொடுத்த செருப்பு வாசல்படியில் பங்குனி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சுகிர்தா தன் செருப்பைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் விட்டுவிட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாம்மா. யாரு?"

"ஆய்வு மையத்திலேருந்து வர்றேன் மாஸ்டர். சுகிர்தா."

"அட, ஃபோன்ல 'கால் எப்படி இருக்கு, கால் எப்படி இருக்கு'ன்னு கேக்குற பொண்ணா? குரலை வெச்சு ஒரு அறுபது வயசு அம்மான்னு நெனச்சிருந்தேன். உக்காரு, உக்காரு." சொல்லிக்கொண்டே அவர் கட்டிலிலிருந்து எழுந்தார்.

"ஐயோ, நீங்க எந்திரிக்காதீங்க."

"எந்திரிக்காம? டீ தானா நடந்து வருமா?"

சமையல் மேடை அறையின் அந்தக் கோடியில். நொண்டியபடி போனார், பாலை வைத்தார். சர்க்கரை டப்பா இந்தப் பக்கம். வந்தார், எடுத்தார், "எனக்கில்ல, உனக்கு" என்று சிரித்தார், திரும்பப் போனார். தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சன்னல்வரை ஒரு நடை. வலி என்பதே அந்தக் காலுக்குப் போய்விட்டிருந்தது. ஆணி ஏறினாலும் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

சுகிர்தா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தின் அடியில் மையம் ஒட்டிவிட்டிருந்த மருந்துப் பேட்சைப் பார்த்தாள். அதன் ஓரத்து விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், நில்லுங்க. அப்படியே நில்லுங்க."

"என்னம்மா, பல்லியா?"

"இல்ல. இந்தப் பச்சை விளக்கு... இது எதுக்குன்னு உங்களுக்குச் சொன்னாங்களா?"

"மருந்து எறங்குதுன்னு அர்த்தம். சொன்னாங்க. மீதியெல்லாம் சொன்னாங்க, புரியல."

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். "காயம் பட்டா உடம்பு பக்கத்துச் சதைக்கு ஒரு தகவல் அனுப்பும். வா, வளரு, மூடுன்னு. சர்க்கரை முத்தின கால்ல அந்தத் தகவலை வழியிலேயே ஏதோ ஒண்ணு தின்னுடுது. களிம்பாத் தடவினாலும் மதியத்துக்குள்ள தின்னுடும். இந்த பேட்சுக்குள்ள இருக்கறது உயிருள்ள அணுக்கள். அந்தத் தகவலை ஓயாம ஊத்திக்கிட்டே இருக்கும்."

"சரி."

"ஆனா கால் ஓய்வா இருக்கும்போதுதான் ஊத்தணும். நீங்க மாவு பிசைஞ்சு, எண்ணெய் தடவி, ஊறப் போடுவீங்கல்ல? ஊறுறப்போ அதைப் போட்டு அடிச்சா?"

"நாசமாப் போவும். ரப்பர் மாதிரி இழுக்கும்."

"அதேதான். புதுச் சதை ஊறிட்டிருக்கும்போது மிதிச்சா நசுங்கிடும். நசுங்கின சதைக்கு மருந்தும் போனா அழுகின பழம் மாதிரி ஊதும். புண் பெரிசாகும். அதனாலதான் செருப்பு. அதுக்குள்ள இருக்கற சென்சார், கால் நடக்குதா சும்மா இருக்குதான்னு கணினிக்குச் சொல்லும். நடந்தா பேட்ச் சிவப்பாகி நின்னுடும்."

"இப்ப நான் நடந்தேனே. பச்சையாத்தானே இருக்கு?"

"ஆமா," என்றாள்.

வாசலுக்குப் போய்க் குனிந்து அந்தச் செருப்பின் உட்பக்கத்தைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. செருப்புக்குள் கால் இருக்கிறதா இல்லையா என்பதை அது சூட்டை வைத்துத்தான் கண்டுகொள்ளும். குளிர் தேசத்தில் வடிவமைத்தது. அங்கே கால் இல்லாத செருப்பு சில்லிட்டுக் கிடக்கும். இங்கே வெறும் செருப்பு வெயிலில் உட்கார்ந்துகொண்டு, 'உள்ளே கால் இருக்கிறது, அசையாமல் ஓய்வெடுக்கிறது' என்று நாள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யை நம்பிக் கணினி மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தது, நடக்கிற காலில்.

"மாஸ்டர், இதை எப்பவும் போட்டிருக்கச் சொன்னாங்கல்ல?"

"எப்பவும்தான் போடுறேன். இது இல்லாம வாசலைத் தாண்டி ஒரு அடி வெக்க மாட்டேன்."

"வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள செருப்பா?" அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "நல்ல கதையா இருக்கே. தொழுவுற எடம்மா இது."

நாசரேத்தில் அவள் வீட்டில் செருப்போடு நடுக்கூடம் வந்தால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். மையத்திலும் எல்லோரும், டாக்டர் உட்பட, நுழைகிற இடத்திலேயே ரேக்கில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அத்தனை பேரும் தினமும் குனிந்து நிமிர்ந்த இடத்தில் ஒருவருக்கும் தோன்றாமல் போயிருக்கிறது.

"தப்பு எங்க பேர்ல மாஸ்டர். உங்க கால் பேர்ல இல்ல."

"அப்ப என் புண்ணு செவிடு இல்லையா?"

சுகிர்தா திடுக்கிட்டாள். "அது உங்களுக்கு..."

"உங்க மையத்து பெஞ்சுல உக்காந்திருந்தா எல்லாம் விழும்மா. எனக்குக் காலுதானே போச்சு, காது பாம்புக் காது. டீயைக் குடி, ஆறுது."

கருவியை வாங்காமலே அவள் திரும்பினாள்.

*

டாக்டர் தாட்சாயணி முழுவதையும் கேட்டார். பிறகு தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். "சே," என்றார்.

சரிபார்க்க அதிக நேரம் ஆகவில்லை. எல்லா நோயாளிகளுமே செருப்பை வாசலில்தான் விட்டிருந்தார்கள், ஆறினவர்களும் கூட. ஆனால் அவர்கள் வீட்டில் மனைவி இருந்தாள், மருமகள் இருந்தாள், பேரன் இருந்தான். தண்ணீர் கையில் வந்தது, கதவை வேறொருவர் திறந்தார். அதனால் அவர்கள் நிஜமாகவே உட்கார்ந்திருந்தார்கள், செருப்பு சொன்ன பொய் தற்செயலாக உண்மையாக இருந்தது. ஆறாதவர்கள் ஒருவர் விடாமல் தனியாக இருப்பவர்கள். டீ தானாக நடந்து வராத வீடுகள்.

"வீட்டுக்குள்ள போட்டுக்க ஒரு புது ஜோடி கொடுத்துட்டா சரியாயிடும்ல மேடம்? வெளியில படாத ஜோடின்னா ஒத்துக்குவாங்க."

"கொடுத்தா புண் பெரிசாகாது. ஆனா ஆறுமா? தனியா இருக்கற ஆள் நடக்காம எப்படி இருப்பார்? நடக்க நடக்க பேட்ச் நின்னு போகும். பாதி மருந்துகூட எறங்காது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சிங்கப்பூர்க்காரங்ககிட்டப் பேசறேன்."

மருந்துக்கு முதல் போட்டிருந்த நிறுவனம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கிருந்து வந்த முடிவு சுருக்கமானது. இரவும் பகலும் உடனிருக்க ஒருவர் உள்ளவருக்கே இனி இந்த மருந்து. இப்போது சோதனையில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் உடனிருப்பவர் பெயரைக் கொடுத்தால் தொடரலாம். முடியாதவர்கள் கருவியைத் திருப்பித் தர வேண்டும்.

"யாருமே இல்லாதவங்க?" என்று கேட்டாள் சுகிர்தா.

"அவங்களுக்கு வேற ஏதாவது மருந்து வரும்."

"எப்ப மேடம்?"

"நேர்மையான விதிதான் சுகிர்தா. ஆறாதுன்னு தெரிஞ்சே ஒருத்தருக்குக் கொடுத்து, கடைசியில காலையும் எடுக்கறதைவிட இது மேல். அப்புறம் ஒண்ணு. இங்க வேலை செய்யற யாராவது பாவம் பாத்து உடனிருப்பவரா பேர் கொடுத்தா, அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். அந்தக் கேஸும் செல்லாது. எல்லார்கிட்டயும் சொல்லிடு."

மறுநாள் தனபாக்கியம் என்கிற அம்மாள் வந்தார். தில்லைநகரில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவர். செருப்பைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"வீட்டுல உங்க கூட யாரும்மா இருக்காங்க?" என்று சுகிர்தா கேட்டாக வேண்டியிருந்தது.

"இஸ்திரிப் பெட்டி இருக்கு. அதைப் போட்டுக்குவியா?" என்றார் அந்த அம்மாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "காலை எடுத்துட்டா நின்னு எப்படிம்மா தேய்க்கறது?"

சுகிர்தா செருப்பை வாங்கி உள்ளே வைத்தாள்.

*

"மருமகள்னு போடவா?" என்று கேட்டாள் சுகிர்தா. கையகலக் கணினியில் உறவுமுறை என்ற கட்டம் காத்திருந்தது.

"மகனே பொறக்கல, மருமக எங்கேந்து குதிப்பா? மகள்னு போடு. யாரு கேக்கப் போறா." சிக்கந்தர் மாஸ்டர் கட்டிலில் சாய்ந்தபடி அவளையே பார்த்தார். "வேலை போயிடும்ங்கறே. எதுக்கும்மா இந்த வம்பு?"

ஒரு டீக்காக என்று சொன்னால் சிரிப்பார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளுக்காக ஒருவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தது அந்த ஒரு நாள்தான்.

ஞானஸ்நானப் பெயரைக் கொடுத்தாள்: மேரி. உறவு: மகள். இரவும் பகலும் உடனிருப்பாரா? ஆம்.

"வாப்பா பேரு சிக்கந்தர், மக பேரு மேரி. அது ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல."

"நம்ம சனத்துக்கு அது எவ்வளவோ தேவல," என்றார் மாஸ்டர்.

இரவும் பகலும் அவளால் எங்கே இருக்க முடியும்? காலையில் வேலைக்குப் போகுமுன் வருவாள், மாலையில் வருவாள். மாலை வகுப்பை விட்டுவிட்டாள். நடுவில் இருக்கும் பகலை என்ன செய்வதென்று யோசித்து, காயலான் கடையில் ஒரு பழைய சுழல் நாற்காலியைப் பிடித்தாள். ஏதோ அலுவலகம் தள்ளிவிட்டது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டதும் அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் படகுபோல் வழுக்கியது. நல்ல காலால் ஒரு உந்து உந்தினால் கட்டிலிலிருந்து மேடை, இன்னொரு உந்தில் குளியலறைக் கதவு. தாழ்ப்பாளில் ஒரு கயிற்றைக் கட்டிக் கட்டில்வரை இழுத்துவிட்டாள். யாராவது தட்டினால் அங்கிருந்தே இழுக்கலாம். பிளாஸ்க், தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை எல்லாம் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கின. வெளியில் படாத புதுச் செருப்பு வீட்டுக்குள் வந்தது. தொழும்போது மட்டும் நாற்காலியில் அமர்ந்து அதைக் கழற்றிக்கொள்வார்.

"துபாய் ஷேக்கு மாதிரி ஆக்கிட்டியே என்னை," என்று அறைக்குள் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்.

சரிதான், ஆனால் அவள் இருக்கும்போது மட்டும் அவரை உட்காரவைக்க முடியவில்லை. படியில் அவள் சத்தம் கேட்டதுமே எழுந்துவிடுவார். "பிளாஸ்க் டீ எனக்கு. வந்த புள்ளைக்குப் புது டீ." ஒரு நாள் மாவைக் கொண்டுவந்து, மேடைமுன் நின்று, விசிறிக் காட்டினார். அந்த முதிய கைகளில் மாவு காற்றில் எழும்பித் துணிபோல் விரிந்தது.

"உக்காருங்க மாஸ்டர்! விளக்கு சிவப்பாயிடுச்சு!"

"செவப்பாவட்டும். உக்காந்துகிட்டு எவன் பரோட்டா விசிறுவான்? எங்க, நீ ஒண்ணு விசிறு."

அவளுடைய மாவு நேராகப் போய்ச் சுவரில் ஒட்டியது. "இதுக்குத்தான் படிச்சவங்க கையில மாவு குடுக்கக் கூடாதுங்கறது," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தன் சிரிப்பு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை மையத்தில் கட்டுப் பிரிக்கும்போது எட்டிப் பார்ப்பாள். முதலில் நாற்றம் போனது. அடியில் சிவப்புச் சதை பொடிப்பொடியாக எழும்பியது. ஓரத்திலிருந்து மெல்லிய தோல் உள்நோக்கி நடந்தது. தன் நோயாளியின் மணிவாரிக் கோட்டைத் தானே பார்ப்பது முறையல்ல என்று சொல்லிக்கொண்டு, அவருடைய கோட்டை மட்டும் அவள் திறக்காமலே இருந்தாள். மொத்தக் கணக்கு வேறொருவர் வழியாகப் போனது. எதையும் திறந்து பார்க்காமல் விடாதவள் இதை ஏன் விட்டாள் என்று கேட்டால், பதில் அவ்வளவு கௌரவமானதல்ல. தான் போவதால்தான் ஆறுகிறது என்று நினைத்துக்கொள்ள அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆடி பிறந்தபோது புண் மூடிவிட்டது. டாக்டரே விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்று மாலை மாஸ்டர் டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஆறிய காலை நீட்டி, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நல்லாயிருக்கும்மா, அல்லாஹ் புண்ணியத்துல. உன் புண்ணியத்துல."

"நல்லது மாஸ்டர்."

"இனி நீ வர்றதுக்கு என்ன சாக்கு?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருந்துச் சோதனை முடியும்வரை மையத்து ஆட்கள் நோயாளிகளை வெளியே சந்திக்கக் கூடாது. மகள் மேரியின் வேலையும் முடிந்துவிட்டது. சுகிர்தா டம்ளரைக் கழுவி, இனி யாரும் இறக்கிவைக்கத் தேவையில்லாத மேல் தட்டில் கவிழ்த்தாள்.

*

முடிவுக் கூட்டத்துக்கு சிங்கப்பூரிலிருந்து செல்வநாதன் என்பவர் திரையில் வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். மரியாதையாகப் பேசுபவர். இன்று சரியென்றால், உடனிருப்பவர் வேண்டும் என்ற அந்த விதி மருந்தோடு ஒட்டிக்கொண்டு எல்லா ஊருக்கும் போகும். இந்த மருந்து எங்கெங்கே விற்குமோ அங்கெல்லாம் முதல் கேள்வி: வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?

டாக்டர் தாட்சாயணி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் ஒரு பாதம், முன்பும் பின்பும். சுகிர்தாவுக்கு அந்தப் பாதத்தை எங்கே பார்த்தாலும் தெரியும்.

"உங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்ததே சார், தனியா இருக்கறவங்க உடம்புலயே ஏதாவது வித்தியாசம் இருக்குமோன்னு. இந்தக் கேஸ் அதுக்குப் பதில். ஒரே ஆள், ஒரே கால். தனியா இருந்தப்போ பெரிசாச்சு. மகள் வந்து கூட இருந்ததும் மூடிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சுகிர்தாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான், அந்தச் சாட்சி தான் எழுதிக் கொடுத்த பொய் என்பது உறைத்தது.

"ரொம்பத் தெளிவா இருக்கு டாக்டர்," என்றார் செல்வநாதன். "ஒரு நாளோட கோட்டை மணிவாரியாக் காட்ட முடியுமா? சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

திரையில் கோடு விரிந்தது. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை மருந்து இறங்கிய அளவு. நீண்ட மேட்டு நிலம்போல் உயரத்தில் ஓடிய கோடு இரண்டே இடத்தில் குப்புற விழுந்து எழுந்திருந்தது. காலையில் ஒரு பள்ளம், மாலையில் ஒரு பள்ளம். டாக்டர் அடுத்த நாளைக் காட்டினார். அதே மேடு, அதே இரண்டு பள்ளம்.

"இது என்ன, தினமும் அதே நேரத்துல?"

"மகள் வெளிய போற நேரமா இருக்கும் சார். கடை கண்ணிக்கு, தண்ணிக்கு. அப்ப இவர் எந்திரிச்சு நடக்கறார், பேட்ச் நின்னுடுது. பாருங்களேன், கூட ஆள் இல்லைன்னா எப்படி விழுதுன்னு."

"அருமை. அறிக்கையில இதையே முதல் படமாப் போட்டுடுங்க. விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது."

சுகிர்தா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீண்ட மேடு எதுவென்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தாழிட்ட வீடு, எண்ணெய் விட்ட சக்கரம், கட்டில்வரை நீளும் கயிறு, பிளாஸ்கில் டீ. பேச ஆளில்லாமல், எழ அவசியமில்லாமல், நாள் முழுக்க ஒரு மனிதர் நாற்காலியில். அந்த மேட்டில்தான் சதை வளர்ந்திருக்கிறது. அந்தப் பள்ளங்களையும் அவளுக்குத் தெரியும். அடுப்பில் புதுப் பால் பொங்குகிற நேரம். மாவு காற்றில் விரிகிற நேரம். சுவரில் ஒட்டிய மாவைப் பார்த்து இரண்டு பேர் சிரித்த நேரம்.

காயலான் கடை நாற்காலி ஒன்று போதும். தனபாக்கியத்தின் காலுக்கும் அதுவே போதுமாயிருந்திருக்கும். அந்த அம்மாளுடைய ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆனால் இனி வரப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா ஊரிலும், டீ தானாக நடந்து வராத வீடுகளில்.

சும்மா இருந்தால் வேலை இருக்கும். மாஸ்டரின் பெயர் ஆறினவர்களோடு நிற்கும். அவள் போனதால்தான் அவர் பிழைத்தார் என்று ஒரு படமே சாட்சி சொல்லும். அவள் வாழ்க்கையில் வேறு யாரும் அவளைப் பற்றி அப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

"அடுத்ததுக்குப் போகலாமா?" என்றார் டாக்டர்.

"மேடம்." எழுந்து நின்றாள். "அது ஆள் வெளிய போன நேரம் இல்ல. உள்ள வந்த நேரம்."

டாக்டர் திரும்பினார். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மீதி நேரமெல்லாம் அவர் தனியாத்தான் இருந்தார் மேடம். நாற்காலிக்குச் சக்கரம் இருந்துச்சு, கைக்கெட்டுற தூரத்துல எல்லாம் இருந்துச்சு. வேற யாரும் இல்ல. தனியா இருந்தப்பதான் ஆறியிருக்கு."

திரையிலிருந்தவர் முன்னால் சாய்ந்தார். "அப்ப அந்த மகள்?"

சுகிர்தா திரைக்கு அருகில் போனாள். முதலில் காலையைத் தொட்டாள், அப்புறம் மாலையை.

"இந்த ரெண்டு பள்ளமும் நான்தான் சார்."